அப்பாவைப் பட்டினி போடுகிறார்களா? ஐசியூ படுக்கையும் ஊட்டச்சத்து டப்பாக்களும்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, எடை 60 கிலோ. நிமோனியா முற்றி ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்று ஐசியூவில் சேர்த்து இன்று ஆறாவது நாள். வென்டிலேட்டர் ஓடுகிறது. பிபி தாழாமல் இருக்கக் கொடுக்கும் ஊசி மருந்தைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். சிறுநீரகம் பாதித்து இரண்டு முறை டயாலிசிஸ் ஆகிவிட்டது. சேர்ப்பதற்கு முன்பே பத்து நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூக்குக் குழாயில் மணிக்கு 40 மில்லி மட்டும் ஏதோ பால் போல விடுகிறார்கள். துபாயில் இருக்கும் சித்தப்பா குளுட்டமின் பவுடர், மீன் எண்ணெய் மாத்திரை, 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, புரோபயாட்டிக், வே புரோட்டீன் எல்லாம் வாங்கி அனுப்பியிருக்கிறார். டாக்டர் எதுவும் வேண்டாம் என்கிறார். “ஆளைப் பட்டினி போட்டே கொன்றுவிடுவார்கள், நீ சண்டை போடு” என்று சித்தப்பா தினமும் போனில் சத்தம் போடுகிறார். நான் என்ன செய்ய? (வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: பெட்டியை இப்போது பிரிக்காதீர்கள். டாக்டர் சொல்வது சரி. அண்ணன் மீதுள்ள பாசத்தில் சித்தப்பா அனுப்பியிருக்கிறார். அந்தப் பாசத்துக்கு மதிப்புக் கொடுத்தே, இந்த டப்பாக்கள் ஒவ்வொன்றையும் பற்றி என்ன தெரியவந்திருக்கிறது என்று எழுதுகிறேன். அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

முதலில் ‘பட்டினி’ என்ற சொல்லைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 960 மில்லி. குழாய் வழி விடும் சாதாரண திரவ உணவில் மில்லிக்கு ஒரு கலோரி இருக்கும்; லிட்டருக்கு 40 கிராம் அளவில் புரதம் இருக்கும். ஆக அப்பாவுக்கு 960 கலோரி, 38 கிராம் புரதம் போகிறது. படுக்கைக்குப் பக்கத்தில் சிரிஞ்ச் பம்பில் வெள்ளையாக ஒரு மருந்து ஓடுகிறதா பாருங்கள். அது மயக்கத்துக்கான புரோபோபாலாக இருந்தால், அது கரைந்திருக்கும் எண்ணெயிலிருந்தே மில்லிக்கு 1.1 கலோரி கிடைக்கிறது. மணிக்கு 10 மில்லி ஓடினால் நாளைக்கு 264 கலோரி. இரண்டையும் கூட்டினால் 1,224. அதாவது கிலோவுக்கு 20 கலோரி. முதல் வாரத்துக்கு இது குறைவே இல்லை. தேவையில் 70 சதவீதத்துக்குள் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுங்கள் என்பதுதான் ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்.

ஏன் முழு அளவு கொடுப்பதில்லை? நாம் நலமாக இருக்கும்போது ஒரு வேளை சாப்பிட்டதும் கல்லீரல் தன் சர்க்கரை உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். கடுமையான நோயின் முதல் நாட்களில் அந்தக் கட்டுப்பாடு வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் உடம்பு தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை ஆக்கிக்கொண்டே இருக்கும். கொடுத்ததும் அதன் மேல் சேரும். சர்க்கரை ஏறும், இன்சுலின் ஏற்ற வேண்டிவரும், கரியமில வாயு கூடி நுரையீரலுக்கு வேலை அதிகமாகும். பிபி மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது குடலுக்குப் போகும் ரத்தமே குறைவு. அந்த நேரத்தில் குடலுக்கு அதிக வேலை கொடுத்தால் குடல் சுவர் ரத்தமில்லாமல் கருகும் ஆபத்தும் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

பிரான்ஸில் வென்டிலேட்டரிலும் பிபி மருந்திலும் இருந்த சுமார் 3,000 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் வாரம் கிலோவுக்கு 6 கலோரி, மறு பாதிக்கு 25 கலோரி கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. 90 நாளில் இறப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைவாகப் பெற்றவர்கள் ஐசியூவை விட்டு வெளியேறச் சற்று முன்னதாகவே தயாரானார்கள். அப்பாவுக்கு இப்போது மூக்குக் குழாயில் போவது மட்டுமே அந்த 6-ஐவிட இரண்டரை மடங்குக்கும் மேல்.

இனி டப்பாக்கள். குளுட்டமினை (அது ஒரு அமினோ அமிலம், புரதத்தின் ஒரு துண்டு) முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அப்பா விஷயத்தில் நான் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். நோயாளிகளின் ரத்தத்தில் குளுட்டமின் குறைகிறது, குறைந்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள். ஆகவே கொடுத்தால் பிழைப்பார்கள் என்று 1990-களிலிருந்து நம்பினார்கள். சிறிய ஆய்வுகளும் அப்படியே காட்டின. பிறகு கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவில் 40 ஐசியூக்களில் 1,223 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லோரும் உங்கள் அப்பா மாதிரி: வென்டிலேட்டரில் இருப்பவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் கெட்டவர்கள். 2013-ல் வெளியான முடிவு: குளுட்டமின் பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 43.7 சதவீதம், பெறாதவர்களில் 37.2. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தவர்களிடம் கேடு கூடுதலாகத் தெரிந்தது. குளுட்டமின் உடைந்தால் அமோனியாவும் யூரியாவும் ஆகிறது. அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம்தான் படுத்துக் கிடக்கிறதே. டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு இந்தப் பவுடரை ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்கக் கூடாது. தீக்காயத்தில் பலன் இருக்கும் என்று மிச்சமிருந்த நம்பிக்கையையும் சுமார் 1,200 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் எடுத்துவிட்டது.

அதே 2013 ஆய்வில் செலினியம், துத்தநாகம், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, வைட்டமின் சி கலந்த கூட்டையும் தனியாகச் சோதித்தார்கள். பலன் இல்லை.

வைட்டமின் சி பற்றிச் சித்தப்பா உறுதியாக வாதாடுவார் என்று நினைக்கிறேன். 2017 வாக்கில் உலகம் முழுக்க அதைப் பற்றிப் பெரிய பேச்சு. ரத்தத் தொற்றுக்கு இதுவே மருந்து என்று பலரும் நம்பினார்கள். 2022-ல் வெளியான ஆய்வில் பிபி மருந்தில் இருந்த 872 பேரில் ஒரு பாதியினருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 50 மில்லிகிராம் நரம்பு வழியாக ஏற்றினார்கள். அப்பாவின் எடைக்கு அது நாளொன்றுக்கு 12 கிராம். 28-வது நாளில் இறந்தவர்களும், உறுப்புகள் தேறாமல் இன்னும் கருவி அல்லது பிபி மருந்தை நம்பியிருந்தவர்களும் சேர்த்து, வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதம், மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களில் 38.5. உதவாதது மட்டுமல்ல, பாதகமாகவும் போனது. மாத்திரையாகக் கொடுப்பது இதைவிடச் சிறிய அளவுதான். ஆனாலும் வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியும். வேலை செய்யாத சிறுநீரகத்துக்கு அது வேண்டாத சுமை.

இன்னொரு சங்கதி, வீட்டார் பலருக்குத் தெரியாதது. வைட்டமின் சி ரத்தத்தில் மிக அதிகமானால் விரலில் குத்திப் பார்க்கும் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். மீட்டர் 280 என்கிறது, நர்ஸ் இன்சுலினை ஏற்றுகிறார். உண்மையில் சர்க்கரை 110 ஆக இருந்தால் என்ன ஆகும்? மயக்கத்தில் இருப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம் என்று எதையும் அவரால் சொல்ல முடியாது. பயோட்டின் என்ற வைட்டமினும் இப்படித்தான், சில லேப் முறைகளில் தைராய்டு, இதய நொதிப் பரிசோதனைகளைப் புரட்டிவிடும். டாக்டருக்குத் தெரியாமல் குழாயில் எதையும் விடாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான்.

மீன் எண்ணெய்க்கு வருவோம். நுரையீரல் கடுமையாகப் பாதித்த 272 பேரில் ஒரு பகுதியினருக்கு, மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 சேர்ந்த கலவையைக் குழாய் வழியாகக் கொடுத்த அமெரிக்க ஆய்வை, பலன் வராது என்று தெரிந்ததும் பாதியிலேயே நிறுத்தினார்கள் (2011). கலவை பெற்றவர்களுக்கு வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் 14, பெறாதவர்களுக்கு 17. நரம்பு வழி உணவில் மீன் எண்ணெய் சேர்ந்த கொழுப்புக் கரைசலை மருத்துவர்கள் சில நேரம் பயன்படுத்துவார்கள். அது வேறு விஷயம். கேப்சூலைக் குத்திப் பிழிந்து குழாயில் விடுவதற்கு அது ஆதாரமாகாது.

புரோபயாட்டிக் என்பது உயிருள்ள பாக்டீரியா. 2021-ல் 2,650 வென்டிலேட்டர் நோயாளிகளிடம் லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் என்ற கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரால் வரும் நிமோனியா கொடுத்தவர்களில் 21.9 சதவீதம், கொடுக்காதவர்களில் 21.3. ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் கொடுத்தவர்களில் 15 பேரிடம், ரத்தம் போன்ற இருக்கக் கூடாத இடங்களிலும் சளி போன்ற மாதிரிகளிலும் அதே கிருமி வளர்ந்தது. மறுபக்கம் ஒருவரிடம் மட்டும். அப்பாவின் கழுத்திலோ தொடையிலோ டயாலிசிஸ் குழாய் இருக்கும். கேப்சூலை அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உடைத்தால் அந்தத் தூள் கையில் ஒட்டும், காற்றில் பறக்கும். அந்தக் கை குழாயின் வாயைத் தொட்டால் போதும்.

வே புரோட்டீன், அதாவது பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர் பற்றி மட்டும் என் பதில் ‘இப்போது வேண்டாம், பிறகு வேண்டும்’. ஐசியூவில் தசை கரைவது பயங்கரமான வேகத்தில் நடக்கிறது. லண்டனில் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தபோது பத்தே நாளில் அதன் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியிருந்தது. அப்படியானால் புரதத்தை வாரிக் கொடுப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும், மருத்துவர்களுக்கும் தோன்றியது. 16 நாடுகளில் 1,300 பேரிடம் கிலோவுக்கு 2.2 கிராமும் அதற்கு மேலும், மறுபக்கம் 1.2 கிராமும் அதற்குக் கீழும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2023-ல் வந்த முடிவில் கூடுதல் புரதத்தால் யாரும் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும் பல உறுப்புகள் மோசமானவர்களுக்கும் அது கெடுதலாகவே தெரிந்தது. எனவே அப்பாவின் இலக்கு கிலோவுக்கு 1.3 கிராம், அதாவது 78 கிராம். அதையும் ஒரே நாளில் எட்டக் கூடாது, படிப்படியாகத்தான். டயாலிசிஸில் அமினோ அமிலங்கள் கொஞ்சம் வெளியேறும், அந்தக் கணக்கை டயட்டீஷியன் சேர்த்துக்கொள்வார்.

ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள முக்கியப் புரதம்) 2.1 என்று குறைவாக வந்திருக்கலாம், உறவினர் யாராவது முட்டை வெள்ளைக்கருவைக் குழாயில் விடச் சொல்வார்கள். இந்த ஆல்புமின் குறைவு சாப்பாட்டுக் குறையால் வந்ததில்லை. அழற்சியில் ரத்தக் குழாய்கள் கசிந்து, கல்லீரல் வேறு புரதங்களைச் செய்யப் போனதால் வந்தது. தொற்று அடங்கினால் அது தானே ஏறும். துத்தநாகம், இரும்பு, செலினியம், வைட்டமின் டி எல்லாமே அழற்சி ஏறும்போது ரத்தத்தில் தாழும். லேப் தாளில் ‘குறைவு’ என்ற அம்புக்குறியைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மாத்திரை தேடினால் அதற்கு முடிவே இல்லை. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி வேறு இருக்கலாம்.

ராகிக் கஞ்சி, இளநீர் பற்றியும் கேட்கத் தோன்றும். 20 கிராம் ராகி மாவில் காய்ச்சி வடிகட்டிய 200 மில்லி கஞ்சியில் 65 கலோரி, ஒன்றரை கிராம் புரதம்கூட இருக்காது. ஆறினால் கெட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். குழாய் அடைத்தால் புதிதாகப் போட வேண்டும், மறுபடி எக்ஸ்ரே எடுத்து முனை இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அரை நாள் உணவு போச்சு. இளநீர் 200 மில்லியில் பொட்டாசியம் 400 முதல் 500 மில்லிகிராம் அளவில் இருக்கும். சிறுநீரகம் நின்றவருக்கு அது இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

சண்டை போடுவதற்குப் பதிலாக நாளைக் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. இவற்றுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது, இவற்றில்தான் உண்மையில் தவறு நடக்கிறது.

“பாஸ்பேட் பார்த்தீர்களா?” இதை முதலில் கேளுங்கள். பத்து நாள் சாப்பிடாமல் வந்தவருக்கு உணவு தொடங்கியதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்படும். பாஸ்பேட் சரிந்தால் மூச்சுத் தசை தளர்ந்து வென்டிலேட்டரை எடுக்க முடியாமல் போகும், இதயமும் தடுமாறும். உணவு தொடங்கி மூன்று நாளுக்குள் பாஸ்பேட் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால், அதை ஈடுகட்டிக்கொண்டே இரண்டு நாள் கலோரியைக் குறைக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியூக்களில் அப்படிக் குறைத்தவர்கள் அதிகம் பேர் பிழைத்திருக்கிறார்கள். வழக்கமான உப்புப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம்தான் வரும். பாஸ்பேட்டைப் பெரும்பாலும் தனியாக எழுதினால்தான் பார்ப்பார்கள். சிறுநீரகம் நின்றபோது அது ஏறியும் இருக்கலாம், டயாலிசிஸ் ஆனதும் திடீரென இறங்கலாம். ஆகவே ஒரு முறை பார்த்தால் போதாது, தினமும் வேண்டும்.

“தயமின் போகிறதா?” வைட்டமின் பி1. சாப்பிடாமல் வந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், டயாலிசிஸில் இருப்பவர் மூவருக்கும் இது அவசியம். நாளைக்கு 100 முதல் 300 மில்லிகிராம் வரை நரம்பு வழியாக. உடம்பில் இதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். இது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் லாக்டிக் அமிலம் குவியும். 1997-ல் அமெரிக்காவில் ஊசி வைட்டமின் தட்டுப்பாடு வந்தபோது, முழுக்க நரம்பு வழி உணவில் இருந்தவர்களுக்கு இதே கோளாறு வந்தது. விலை மலிவான இந்த ஊசி, சித்தப்பாவின் மொத்தப் பெட்டியைவிட அப்பாவுக்கு முக்கியம்.

“நேற்று எழுதியதில் எவ்வளவு உள்ளே போனது?” ஸ்கேனுக்கு நாலு மணி நேரம், டயாலிசிஸுக்கு நாலு மணி நேரம், குழாய் மாற்ற மூன்று மணி நேரம் என்று நிறுத்தி நிறுத்திப் பாதிதான் போகும். பம்பில் 40 என்று எழுதியிருந்தாலும் சார்ட்டில் மொத்தம் 500 மில்லி என்று இருக்கலாம். இனி அப்பாவுக்கு இரண்டாவது வாரம். கலோரியும் புரதமும் ஏற வேண்டிய நேரம் இதுதான். கிலோவுக்கு 25 கலோரி என்றால் 1,500. தேறி வரும்போதும் மணிக்கு 40-லேயே நின்றால், “எப்போது கூட்டுவீர்கள்?” என்று தாராளமாகக் கேளுங்கள். அப்போது சித்தப்பாவின் கவலையிலும் நியாயம் இருக்கும். இரைப்பையில் தேங்குகிறது என்று சொன்னால், ஆறு மணி நேரத்தில் 500 மில்லிக்கு மேல் தேங்கினால்தான் உணவைத் தாமதிக்க வேண்டும். அதற்கும் குடல் அசைவுக்கான மருந்து இருக்கிறது.

நீங்களே கண்ணால் பார்க்கக் கூடியது ஒன்று: படுக்கையின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். படுக்கையைத் துடைக்கவோ ஆளைப் புரட்டவோ தாழ்த்தியவர்கள் மறுபடி உயர்த்த மறந்துவிடுவார்கள். மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

ஊட்டச் சேர்மங்களே வீண் என்று நான் சொன்னதாகச் சித்தப்பா எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய தீக்காயத்தில் தோல் வழியாகச் செம்பும் துத்தநாகமும் செலினியமும் வடிந்துபோகும், அவற்றை ஈடுகட்டியாக வேண்டும். நாள் முழுக்க ஓடும் டயாலிசிஸ் வாரக்கணக்கில் தொடர்ந்தாலும் அப்படியே. நரம்பு வழி உணவு போகும்போது வைட்டமினும் நுண்தாதுக்களும் முதல் நாளிலிருந்தே தினமும் சேர வேண்டும். இழந்ததை, அளந்து, ஈடுகட்டுவது வேறு. மருந்தைப் போலப் பத்து மடங்கு கொட்டுவது வேறு. பின்னதைத்தான் மேலே சொன்ன ஆய்வுகள் நிராகரித்தன.

அப்பா வார்டுக்கு வந்ததும் நிலைமை மாறும். சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில், ஐசியூவில் இல்லாத, ஊட்டச்சத்துக் குறைவு அபாயம் உள்ள 2,088 பேரில் ஒரு பாதியினருக்கு டயட்டீஷியன் ஆளுக்கேற்ற கலோரி, புரத இலக்கு வைத்து உணவு கொடுத்தார்கள். 30 நாளில் இறப்பு அவர்களில் 7 சதவீதம். வழக்கமான ஆஸ்பத்திரி உணவு சாப்பிட்டவர்களில் 10. வெறும் உணவும் தேவைக்கேற்ற சத்துப் பானமும்தான். வே டப்பாவை அந்த நாளுக்கு எடுத்து வையுங்கள். காலாவதித் தேதியையும், 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்பதையும் லேபிளில் பாருங்கள். 75-க்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு. 30-க்குக் கீழே இருந்தால் மாவும் சர்க்கரையும்தான் மிச்சம். சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டரைக் கேட்டபின், 25 கிராம் பவுடரை 200 மில்லி பாலில் கரைத்துக் கொடுத்தால் கிட்டத்தட்ட 25 கிராம் புரதம் போகும். கொதிக்கும் பாலில் போட்டால் திரண்டுவிடும், வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் கரையுங்கள். ஒரு அவித்த முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராம். பிசியோதெரபிஸ்ட் வந்து உட்கார, நிற்க வைக்கும் நேரத்தை ஒட்டிக் கொடுத்தால் நல்லது. தசை அசையாமல் புரதம் தசையாகாது.

அதற்கு முன் ஒன்று. வென்டிலேட்டர் குழாய் பல நாள் தொண்டையில் இருந்து எடுத்தபின் விழுங்கும் ஒழுங்கு கெட்டிருக்கலாம். குழாயை எடுத்த அன்றே ஆசையாக ஒரு வாய் காப்பி கொடுத்து, அது நுரையீரலுக்குள் போய், மறுபடி வென்டிலேட்டர் போட வேண்டிவரலாம். விழுங்கும் திறனை நர்ஸோ தெரபிஸ்ட்டோ சோதித்துச் சொன்ன பிறகு, ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீரில் ஆரம்பியுங்கள். இருமினாலோ, விழுங்கியபின் குரல் ஈரமாகக் களகளவென்று கேட்டாலோ, அங்கேயே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள்.